கண்ணாடி வேண்டாத பிளாஸ்மா விளக்கு: வளையும் பிளாஸ்டிக்குக்குள் வாயு ஒளிர்வது எப்படி?

மலையகத்துக்குப் பிளாஸ்மா விளக்கு புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலைக் கூரையிலும் பாடசாலை வகுப்பறையிலும் ஹட்டன், பண்டாரவளைக் கடைவீதிகளிலும் பல ஆண்டுகளாக எரிந்த நாலடி டியூப் லைட் ஒரு பிளாஸ்மா விளக்குத்தான். குழாய்க்குள் இருக்கிற வாயுவில் மின்சாரம் பாயும்போது அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்று வருகின்றன. கழன்ற இலத்திரன்களும் மிஞ்சிய அயன்களும் கலந்து கிடக்கும் நிலைதான் பிளாஸ்மா. மழைக்காலத்தில் மலை முகட்டில் வெட்டுகிற மின்னலும் அதே நிலைதான்.

டியூப் லைட்டின் காலம் இப்போது முடிந்துகொண்டிருக்கிறது. டியூப் லைட்டுக்குள்ளும் இருக்கிற இரசத்தின் (பாதரசத்தின்) பாவனையைக் கட்டுப்படுத்துவதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. அதன் உறுப்பு நாடுகள் 2023 இல் எடுத்த முடிவின்படி, பொது வெளிச்சத்துக்கான, டியூப் லைட் உள்ளிட்ட புளோரொளிர்வு விளக்குகளின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027 உடன் நிற்க வேண்டும். அந்த இடத்தை எல்.ஈ.டி ஏற்கெனவே பிடித்துவிட்டது. பழைய குழாய்க்குள் நடந்த பௌதிகம் மட்டும் அதோடு போய்விடவில்லை. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கேரி ஈடன், சுங்-ஜின் பார்க் ஆகியோரின் குழு அதே வாயு ஒளிர்வை, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தகட்டுக்குள் கொண்டுவந்து காட்டியது. தகடு வளையும். அணைத்தால் அதன் ஊடாக மறுபக்கம் தெரியும். இரசமும் கண்ணாடிக் குழாயும் இல்லை.

ஒரு நூற்றாண்டு காலமாகக் கண்ணாடியை விட்டு நகராத விளக்கு, பிளாஸ்டிக்குக்கு எப்படி மாறியது? புதிதாக ஏதோ அற்புதமான பிளாஸ்டிக் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். விடை அங்கே இல்லை. வாயுவை அடைத்து வைக்கிற குழியின் அளவில் இருக்கிறது.

கண்ணாடி ஏன் தேவைப்பட்டது

சாதாரண டியூப் லைட்டின் விட்டம் 26 மில்லிமீற்றர். உள்ளே ஆகன் போன்ற வாயு, கூடவே சில மில்லிகிராம் இரசம். வாயுவின் அமுக்கம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் இரசம்தான் (அமுக்கத்தை இரச நிரலின் உயரத்தால் சொல்லும் அலகு இது). வெளியே கடல் மட்டத்தில் காற்றின் அமுக்கம் 760 மில்லிமீற்றர். அதாவது குழாய்க்குள் கிட்டத்தட்ட வெற்றிடம். வெளிக்காற்று அதை எந்நேரமும் நசுக்கப் பார்க்கிறது.

அந்த நசுக்கலின் பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரடி நீளம், ஓரடி அகலமுள்ள தட்டையான தகட்டின் ஒரு பக்கம் வெற்றிடமாக இருந்தால், கொழும்பில் காற்று அதன்மேல் ஏறத்தாழ 960 கிலோ எடைக்குச் சமமான விசையைப் போடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியும் 770 கிலோ அளவுக்கு வரும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒரு நொடிகூட நிற்காது. விளக்கு உருளையாக இருந்ததற்கும் கண்ணாடியால் ஆனதற்கும் முக்கியமான காரணம் இதுதான். உருளை வடிவம் வெளி அமுக்கத்தைச் சுற்றிலும் பகிர்ந்து தாங்கும், கண்ணாடி வாயுவைக் கசிய விடாது.

சரி, வாயுவை வெளிக்காற்றின் அமுக்கத்துக்கே நிரப்பிவிட்டால் என்ன? நசுக்கல் இருக்காது. ஆனால் அப்போது விளக்கு பற்றாது. சாதாரண அமுக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் காற்று இடைவெளியில் பொறி பாய ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். நாலடிக் குழாய்க்கு எவ்வளவு வேண்டுமென்று யோசித்தாலே போதும், அந்த வழி அடைபட்டுவிடும்.

அடைபட்ட வழியைத் திறக்கும் சாவியை 1889 இல் ஜெர்மனியின் பிரீட்ரிக் பாஷன் கண்டுபிடித்து வைத்திருந்தார். வாயு எந்த வோல்ட்டில் உடைந்து மின்னைக் கடத்தத் தொடங்கும் என்பதை அமுக்கம் தனியாகவோ இடைவெளி தனியாகவோ தீர்மானிப்பதில்லை, இரண்டின் பெருக்கம்தான் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார். அந்தப் பெருக்கம் மிகப் பெரிதானால் இலத்திரன் அடிக்கடி மோதி, தேவையான வேகம் எடுக்க முடியாமல் போகும். மிகச் சிறிதானால் மோதுவதற்கு அணுவே அகப்படாது. நடுவில் ஒரு வசதியான இடம் இருக்கிறது. காற்றுக்கு அந்த இடத்தில் ஏறத்தாழ 330 வோல்ட் போதும்.

டியூப் லைட்டின் விட்டத்தையும் அமுக்கத்தையும் பெருக்கினால் 26 தர 3, அதாவது 78. இப்போது விட்டத்தை 260 மடங்கு சுருக்குவோம். 26 மில்லிமீற்றர் 0.1 மில்லிமீற்றர் ஆகிவிடும். தலைமயிரின் தடிப்புக்குக் கிட்டவான அளவு. பெருக்கம் மாறாமல் இருக்க அமுக்கத்தை 260 மடங்கு கூட்ட வேண்டும். 3 என்பது 780 ஆகும். அது ஏறக்குறைய நாம் சுவாசிக்கிற காற்றின் அமுக்கம்!

நுண்பிளாஸ்மாவின் அடித்தளம் இந்தச் சின்னப் பெருக்கல்தான். குழியை மயிரளவுக்குச் சுருக்கினால், வெளிக்காற்றுக்குக் கிட்டிய அமுக்கத்திலேயே, சில நூறு வோல்ட்டில், வாயு ஒளிரும். உள்ளும் புறமும் அமுக்கம் ஏறக்குறைய ஒன்று என்பதால் சுவரை நசுக்க எதுவும் இல்லை. கண்ணாடிக் குழாயின் பலம் தேவைப்படாமல் போகிற இடம் இதுதான். எல்லாப் பிளாஸ்மாவுக்கும் இந்த விதி அச்சொட்டாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது, நுண்குழிக்குள் சுவரின் பங்கு கூடுவதால் விலகல்கள் வரும். திசை மட்டும் சரியானது. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை ஆசிரியர்கள் ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டினால் நன்றாயிருக்கும். அமுக்கம், மின்புலம், அயனாக்கம் என்று தனித்தனி அலகுகளில் படிக்கிறவை ஒரே விளக்குக்குள் சேர்ந்து நிற்பதை அவர்கள் பார்ப்பார்கள்.

பிளாஸ்டிக் உருகாமல் இருப்பது

பிளாஸ்மா என்றவுடன் வெல்டிங் பொறியை நினைத்து, பிளாஸ்டிக் எரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இந்த விளக்கில் இலத்திரன்களும் வாயு அணுக்களும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. மின்புலத்தில் ஓடும் இலத்திரன்களின் சக்தியை வெப்பநிலையாகச் சொன்னால் பல ஆயிரம் பாகை வரும். ஆனால் இலத்திரன் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இலேசானது. அது அணுவில் மோதித் தெறிக்கும்போது அணுவை அசைப்பது மிகக் குறைவு. அதனால் வாயு அதிகம் சூடாவதில்லை. கொஞ்சம் சூடானாலும், குழி சிறிது என்பதால் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது, வெப்பம் உடனே வெளியேறிவிடுகிறது.

இன்னொரு காவலும் உண்டு. டியூப் லைட்டில் மின்வாய்கள் வாயுவுக்குள்ளேயே நிற்கின்றன. பழைய குழாயைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு முனைகளிலும் கண்ணாடி கறுத்திருக்கும். மின்வாய் இழையிலிருந்து பொருள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து சுவரில் படிந்த கறுப்பு அது. குழாயின் ஆயுளை அந்தக் கறுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் தகட்டில் மின்வாய் வாயுவைத் தொடுவதே இல்லை. இடையில் மின்னைக் கடத்தாத ஒரு காவலிப் படை இருக்கிறது. ஆடலோட்ட வோல்ட் கொடுத்ததும் வாயு உடைகிறது, மின்னேற்றங்கள் ஓடிவந்து காவலியின் மேல் குவிகின்றன. குவிந்த ஏற்றமே மின்புலத்தை எதிர்த்து, ஒரு மைக்ரோசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. அடுத்த அரை அலையில் திசை மாறி மறுபடி பற்றும். வெல்டிங் பொறியாக வளர அதற்கு அவகாசமே இல்லை.

இது வேகமாகத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்பதால் வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை நேராகக் கொடுப்பது சரிவராது. பல ஆயிரம் ஹேர்ட்ஸ் மீடிறனுக்கு மாற்றித் தருகிற சிறிய சுற்று ஒன்று பக்கத்தில் வேண்டும். குண்டூசி அளவு இடம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தகடு மெலிந்தாலும் அந்தச் சுற்றுக்குரிய பெட்டி மெலிவதில்லை.

அச்சில் வார்ப்பது

மயிரளவுக் குழிகளை ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகச் செய்வது எப்படி? ஒவ்வொன்றாகத் துளைத்தால் விலை எங்கோ போய்விடும். இங்கேதான் வார்ப்பு வேலை வருகிறது. இலினோய் பல்கலைக்கழகத்திலேயே பிரையன் கனிங்ஹாம், நுண்ணிய வடிவங்களைப் பிளாஸ்டிக்கில் அச்செடுக்கும் முறையை உயிரியல் உணரிகளுக்காகக் கையாண்டு வந்தார். விளக்கு ஆய்வும் உணரி ஆய்வும் கைகோத்தபோது, 2000களின் பிற்பகுதியில், பிளாஸ்டிக் நுண்பிளாஸ்மாத் தகடுகள் வந்தன. 20 முதல் 150 மைக்ரோமீற்றர் வரை அகலமுள்ள நீண்ட கால்வாய்களுக்குள் வாயு ஒளிர்வதை அவர்கள் காட்டினார்கள்.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். முதலில் கணினிச் சில்லு செய்கிற அதே முறையில் ஒரு சிலிக்கன் தட்டில் வடிவம் செதுக்கப்படுகிறது. பிளாஸ்டிக்கில் எங்கே குழி வேண்டுமோ, சிலிக்கனில் அங்கே மேடு. அதன்மேல் ஒட்டாத்தன்மை தரும் ஒரு மெல்லிய படை பூசுகிறார்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கடைசியில் உரிக்கும்போது பிளாஸ்டிக் பிய்ந்து அச்சிலேயே தங்கிவிடும். பிறகு தேன் பதத்தில் இருக்கும் பல்பகுதிய (பொலிமர்) திரவத்தை அச்சின்மேல் விட்டு, சோடாப் போத்தல் செய்கிற அதே பெட் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம் ஒன்றை மேலே விரித்து, உருளையால் அழுத்துகிறார்கள். காற்றுக் குமிழ் ஒன்று அகப்பட்டாலும் அந்த இடத்தில் கால்வாய் அறுந்துவிடும். படலத்தின் ஊடாகக் கழியூதாக் கதிரைப் பாய்ச்சியதும் திரவம் இறுகிப் படலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓரத்தைப் பிடித்து உரித்தால், குழிகள் பதிந்த தகடு கையில். உயர்ந்த வெப்பமும் வேண்டாம், பெரிய அமுக்கமும் வேண்டாம். சிலிக்கன் அச்சு அப்படியே இருக்கிறது, அடுத்த தகட்டுக்கு மறுபடி பாவிக்கலாம்.

அப்புறம் மின்வாய்கள். ஒளி ஊடுருவ வேண்டும் என்பதால், தொலைபேசித் தொடுதிரையில் இருக்கும் இந்தியம் வெள்ளீய ஒக்சைட்டுப் படை இங்கேயும் பயன்படுகிறது. இன்னொரு தகட்டால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, நியோன் போன்ற வாயுவை நிரப்பி, ஓரங்களை அடைத்தால் விளக்கு தயார்.

இந்த வேலை இலினோயில் நடந்ததற்கு ஒரு பின்னணியும் உண்டு. 1964 இல் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லொட்டோ, ரொபர்ட் வில்சன் ஆகிய மூவரும் பிளாஸ்மாத் திரையை உருவாக்கியது அதே பல்கலைக்கழகத்தில்தான். கணினி வழியாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு திட்டத்துக்காக அதைச் செய்தார்கள். பின்னாளில் சுவரளவு பிளாஸ்மாத் தொலைக்காட்சிகளாக வளர்ந்த அந்தத் தொழில்நுட்பத்தை 2014 வாக்கில் பெரிய நிறுவனங்கள் கைவிட்டன. மின்சாரம் கூடுதலாக இழுத்தது, தகடு கனத்தது, விலையில் எல்.சி.டி திரையோடு போட்டியிட முடியவில்லை. பிளாஸ்டிக் தகடு அதில் கனத்தை மட்டும்தான் தீர்க்கிறது. மற்ற இரண்டையும் இந்த விளக்கைப் பற்றி உற்சாகமாக எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

நிறமா, தெளிவா

நியோன் நேரடியாகச் செம்மஞ்சள் ஒளி தரும். 1910 இல் பாரிசில் ஜோர்ஜ் குளோட் காட்சிக்கு வைத்த நியோன் குழாய்களின் நிறம் அது. அந்த ஒளிக்கு வேறு எதுவும் தேவையில்லை என்பதால், நியோன் நிரப்பிய பிளாஸ்டிக் தகடு அணைந்திருக்கும்போது யன்னல் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும்.

வெள்ளை ஒளி வேண்டுமென்றால் சிக்கல் தொடங்குகிறது. செனன் வாயு 172 நனோமீற்றர் அளவில் கழியூதாக் கதிரை வெளியிடும். அதை வெள்ளையாக மாற்ற ஒளிர்தூள் பூச வேண்டும். டியூப் லைட்டின் உட்புறம் வெள்ளையாகத் தெரிவது அந்தத் தூளால்தான். தூள் பூசினால் தகடு பால் நிறமாகிவிடும், தெளிவு போய்விடும். அது மட்டுமல்ல, அவ்வளவு குறுகிய அலைநீளக் கதிர் பிளாஸ்டிக்கின் பிணைப்புகளையே அறுக்கக்கூடியது. ஆகவே "ஒளி ஊடுருவும்", "வெண்மை", "பிளாஸ்டிக்" என்ற மூன்றையும் ஒரே தகட்டில் கேட்பது கடினம். இரண்டைப் பிடித்தால் மூன்றாவது நழுவும். இந்த விடயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். செய்தித் துணுக்குகள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கழியூதாக் கதிரையே வெளியே எடுத்துக் கிருமி நீக்கத்துக்குப் பாவிக்கலாமே என்றால், பெட் பிளாஸ்டிக் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கிருமி நீக்கும் 222 நனோமீற்றர் விளக்குகளுக்குக் குவார்ட்ஸ் கண்ணாடி வேண்டியிருக்கிறது. கேரி ஈடனும் சுங்-ஜின் பார்க்கும் தொடங்கிய நிறுவனமும் பிற்காலத்தில் அந்தத் தட்டையான கழியூதா விளக்குகளின் பக்கம்தான் போனது.

இரசம் இல்லாததில் மலையகத்துக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. டியூப் லைட்டின் ஒளி இரச ஆவியிலிருந்து வருகிறது. குளிரில் இரசம் சரியாக ஆவியாகாது. நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலையில் டியூப் லைட்டைப் போட்டால் முதலில் மங்கலாக எரிந்து, குழாய் சூடேறச் சூடேறத்தான் பிரகாசம் பிடிக்கும். நியோனுக்கும் செனனுக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. அவை எந்தக் குளிரிலும் வாயுவாகவே இருக்கின்றன, போட்டவுடன் முழு ஒளி வரும். எல்.ஈ.டியும் அப்படித்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கசிவும் மலையும்

பிளாஸ்டிக் கண்ணாடி அல்ல. அதன் மூலக்கூறுகளுக்கிடையே வாயு மெல்ல ஊர்ந்து போகும். உள்ளே இருக்கிற வாயு வெளியே போவதைவிட, வெளியே இருக்கிற நீராவியும் ஒட்சிசனும் உள்ளே வருவது மோசம். நியோனில் சிறிதளவு நீராவி கலந்தாலே இலத்திரன்களின் சக்தியை அது தின்றுவிடும். நிறம் மங்கும், பற்றவைக்கும் வோல்ட் கூடும், கடைசியில் விளக்கு பற்றாது. பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குத் தனக்குள் ஒளிந்திருக்கும் ஆவிகளைக் குழிக்குள் கக்கும்.

இது தேயிலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பிரச்சினை. காய்ச்சி எடுத்த தேயிலையில் ஈரம் ஏறக்குறைய 3 சதவீதம்தான். மலைப்பனியில் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்து மணம் கெட்டுப்போகும். அதனால் கடதாசிச் சாக்கின் உள்ளே அலுமினியத் தாள் வைத்து அடைக்கிறார்கள். அலுமினியம் நீராவியை விடாது. ஆனால் ஒளியையும் விடாது, ஆகவே விளக்குத் தகட்டுக்கு அது ஆகாது. ஒளியை விட்டு நீராவியைத் தடுக்கும் படை வேண்டும். வளையும் ஓ.எல்.ஈ.டி திரைகளுக்காக, பல்பகுதியமும் கண்ணாடி போன்ற ஒக்சைட்டும் மாறி மாறி அடுக்கிய தடுப்புப் படைகளை ஏற்கெனவே செய்கிறார்கள். அவற்றைக் கொண்டுவரலாம், ஆனால் அச்சு வார்ப்பு தந்த மலிவு அதில் கரைந்துவிடும்.

உயரமும் ஒரு விடயம். கொழும்பில் வெளிக்காற்றுக்குச் சமமான அமுக்கத்தில் அடைத்த தகட்டை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், உள்ளே இருக்கும் வாயு வெளியைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடிய அமுக்கத்தில் இருக்கும். மேல்தகடும் கீழ்த்தகடும் பிரியப் பார்க்கும். கால்வாய்களுக்கு இடைப்பட்ட வரம்புகளில் இரண்டு தகடும் நன்றாக ஒட்டியிருந்தால் தாங்கும். ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் நடுவில் புடைத்து இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் பாஷன் சொன்ன பெருக்கமும் மாறும், பற்றும் வோல்ட் இடத்துக்கு இடம் வேறுபடும். சற்றுக் குறைந்த அமுக்கத்தில் நிரப்பி, வெளிக்காற்றே தகடுகளை அழுத்திப் பிடிக்கும்படி விடுவது மலைப்பகுதிக்குப் பாதுகாப்பான வழி.

எங்கே பொருந்தும்

லயன் காம்பராவின் கூரைக்கோ வகுப்பறைக்கோ இது வரும் என்று நான் நம்பவில்லை. நல்ல டியூப் லைட்டே ஒரு வாட்டுக்கு 80 முதல் 100 லூமன் தந்தது. எல்.ஈ.டி அதையும் தாண்டிப் போய்விட்டது. பிளாஸ்மாத் தகடுகள் அதற்குக் கிட்ட வரவில்லை. லக்சபானவிலும் நோர்ட்டன் பிரிட்ஜிலும் மின்சாரம் பிறந்த மலையில் லயன்களுக்குக் கம்பி வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த மின்சாரத்துக்கு மாதாமாதம் பில் கட்டுகிற குடும்பத்திடம் திறன் குறைந்த விளக்கைப் புதுமை என்று நீட்டுவது நியாயமில்லை.

பரப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிர வேண்டிய இடம் வேறு. எல்.ஈ.டி ஒரு புள்ளியிலிருந்து ஒளி தருவது, அதைப் பரப்ப வேறு தகடு வேண்டும். நுண்பிளாஸ்மாத் தகடு இயல்பிலேயே பரப்பொளி, நிழல் விழாது. தேயிலை சுவைபார்க்கும் அறைகளில் சாயத்தின் நிறத்தையும் இலையின் தோற்றத்தையும் பார்க்க, நேர்வெயில் படாத சீரான பகல் வெளிச்சத்தைத் தேடி வடக்குப் பார்த்த யன்னலோரம் மேசை போடுவது பழைய வழக்கம். நாள் முழுக்கப் பனி மூடும் காலங்களில் அந்த வெளிச்சத்தை நம்ப முடியாது. அங்கே தெளிவு தேவையில்லை, எனவே ஒளிர்தூள் பூசிய தகடு போதும். ஆனால் நியோனின் செம்மஞ்சள் அங்கே உதவாது, நிறங்களை உள்ளபடி காட்டும் வெள்ளை வேண்டும். முன்னே சொன்ன கதிர்ச் சேதத்தைத் தீர்த்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசலாம்.

மருத்துவப் பக்கம் அடிக்கடி சொல்லப்படுவது, மஞ்சள் காமாலை வந்த பச்சிளங் குழந்தையைச் சுற்றிப் போர்த்தக்கூடிய ஒளித்தகடு. 460 நனோமீற்றர் அளவிலான நீல ஒளி குழந்தையின் தோலில் இருக்கும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபினை உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. வளையும் தகடு குழந்தையின் முதுகோடு பொருந்துவது நல்லதுதான். ஆனால் அந்தத் தகட்டுக்குள் சில நூறு வோல்ட் ஓடுகிறது. மெல்லிய பெட் படலமே சில ஆயிரம் வோல்ட் தாங்கும் என்பது உண்மை, ஆனால் திரும்பத் திரும்ப மடித்து, கழுவி, கிருமி நீக்கிய பிறகும் அது அப்படியே தாங்குமா என்பதை அளந்து காட்ட வேண்டும். ஒளியிழைகளாலும் எல்.ஈ.டியாலும் செய்த ஒளிப்போர்வைகள் ஏற்கெனவே பாவனையில் இருக்கின்றன, அவற்றில் குழந்தையின் பக்கத்தில் உயர் வோல்ட் கிடையாது. இந்தப் போட்டியில் பிளாஸ்மாத் தகடு பின்னால்தான் நிற்கிறது.

எனக்கு நம்பிக்கை தருவது சின்ன உணரிகள். ஒரே அச்சில் வார்த்த தகட்டில், ஒரு கால்வாயில் பிளாஸ்மா ஒளிரலாம், பக்கத்துக் கால்வாயில் சோதிக்க எடுத்த நீரின் மாதிரி ஓடலாம். ஒளிமூலத்துக்கும் மாதிரிக்கும் இடையே மயிரளவு பிளாஸ்டிக் மட்டும். பெரிய பரப்பும் வேண்டாம், ஆயிரக்கணக்கான மணி நேர ஆயுளும் வேண்டாம். ஒருமுறை பாவித்து எடுத்து வைக்கும் பொருளுக்குக் கசிவு பெரிய குறையல்ல, வெள்ளை ஒளியும் தேவையில்லை. கனிங்ஹாமின் அச்சு முறை உணரிகளுக்காகவே கையாளப்பட்டது என்பதை நினைத்தால், பிளாஸ்டிக் பிளாஸ்மாவுக்கு இதுதான் மிக இயல்பான வேலையாகப் படுகிறது. ஊற்று நீரையும் ஓடை நீரையும் குடிக்கிற எங்கள் தோட்டங்களில் மலிவான நீர்ச் சோதனைக்குத் தேவை நிறையவே இருக்கிறது.